எழுந்து நின்ற மேயர்

1968 நவம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிப் பேருந்தில் நான் ஸ்பெயினில் உள்ள என் ஊர் வால்தெசார்சாவை விட்டுப் போனேன். கையில் ஒரு பெட்டி, ஒரு குடை, பத்தொன்பது வயதுக்குரிய கோபம். குளிர்காலக் கோட்டை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். வரலாற்றை மாற்றப் போகிறவள் கோட்டைப் பற்றிக் கவலைப்படலாமா? பாரிஸில் முதல் வாரமே சளி பிடித்தது.

அன்று நண்பகலில், தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் நின்றிருந்தது. நகராட்சிக் கட்டடத்தின் மாடத்துக்கு என் அப்பா கசிமிரோ உர்தியாலெஸ் வந்தார். ஒரு கையில் மேயரின் கோல். மறுகையில் ஒரு தாள். கண்ணாடியை இரண்டு முறை துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்:

"அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி நாடாளுமன்றத்தில் நான் எழுந்து நின்றதற்கு எந்த அரசியல் நோக்கமும் கிடையாது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "குறட்டை விட்டீங்களா தோன் கசிமிரோ?"

அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பக்கத்து சீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. அவரும் தூங்கியிருப்பாரு."

ஊர் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினேன். என்னைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்: நாட்டிலேயே ஒரே ஒரு மனிதன் சர்வாதிகாரத்தை எதிர்த்து எழுந்து நின்றான்; பத்தே நாளில் பயந்துபோய்த் தூக்கம் என்று பொய் சொல்லிவிட்டான். அந்த மனிதன் என் அப்பா. இனி அவர் உப்பைத் தின்னக்கூடாது.

"நியேவெஸ், சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் அம்மா.

"ஒரு கோழையோட மேசைல நான் சாப்பிட மாட்டேன்."

"சரி, நின்னுக்கிட்டே சாப்பிடு. அப்பறம் போ."

நின்றுகொண்டு சாப்பிட்டேன். பிறகு போனேன்.

அப்பாவை அரசியலுக்குக் கொண்டுவந்தது ஒரு நாய். அவர் கால்நடை மருத்துவர். எங்கள் பகுதியின் கோவேறு கழுதைகள் அனைத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவற்றின் உரிமையாளர்களின் பெயர்தான் அடிக்கடி மறந்துபோகும். 1947 இலையுதிர்காலத்தில் மாகாண ஆளுநர் எங்கள் மலைச்சரிவுக்குக் கவுதாரி வேட்டைக்கு வந்தார். அவருடைய நாயின் பாதத்தில் முள் ஏறி உடைந்துவிட்டது. அப்பா முள்ளை எடுத்தார். நாய் அவர் கையை நக்கியது. ஆளுநருக்கு மனம் இளகியது. எங்கள் ஊர் மேயர் இறந்து மூன்று வாரமாகியிருந்தது.

"உள்நாட்டுப் போர்ல எந்தப் பக்கம் இருந்த?" என்று கேட்டார் ஆளுநர்.

"கழுதைங்க பக்கம் ஐயா. ராணுவக் கொட்டடியில இருந்தேன்."

"கறுப்பு சூட் இருக்கா?"

"கல்யாணத்துக்குத் தச்சது இருக்கு."

அவ்வளவுதான் தேர்வு. அந்தக் காலத்தில் மேயரை ஊர் தேர்ந்தெடுக்காது. ஆளுநர் வைப்பார், ஆளுநர் எடுப்பார். அடுத்த வாரம் சிலுவையின்மேல் கைவைத்து அப்பா உறுதிமொழி எடுத்தார். நாய் ஆளுநருடன் தலைநகர் திரும்பிவிட்டது. "நல்லவேளை அவரோட குதிரைய நீ பாக்கல," என்றாள் அம்மா எவுலாலியா. "பாத்திருந்தா அமைச்சராக்கியிருப்பாங்க."

மேயர் வேலையில் பெரும்பகுதி தந்தி அனுப்புவது. தேசிய விழா, நாட்டை ஆளும் தளபதியின் பிறந்தநாள், போர் வெற்றி நாள் என்று எது வந்தாலும் ஒவ்வோர் ஊரும் மாட்ரிட்டுக்கு விசுவாசத் தந்தி அனுப்ப வேண்டும். நகராட்சிச் செயலர் ஃபெர்மின் அதற்கென்றே ஒரு மாதிரி வைத்திருந்தார். தேதியை மட்டும் மாற்றுவார். அப்பா அதில் ஒரு திருத்தம் செய்தார். "வால்தெசார்சா மக்கள் தலைவர்பால் அசைக்கமுடியாத விசுவாசம் தெரிவிக்கின்றனர். குளிர்ச்சுனைக் குழாய் விஷயத்தையும் நினைவூட்டுகின்றனர்."

மூன்றாவது தந்திக்குப் பிறகு ஆளுநர் தொலைபேசியில் கத்தினார். "விசுவாசம் தனி, குழாய் தனி! ரெண்டையும் ஒரே தந்தியில கலக்காதே!"

"தனித்தனியா அனுப்பினா ரெண்டு தந்திச் செலவு ஆவுதுங்களே ஐயா."

குழாய் விஷயம் இதுதான். எங்கள் ஊரில் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. ஊருக்குக் கீழே, பள்ளத்தில், நான்கு வாய்கள் உள்ள கல் ஊற்று ஒன்று உண்டு. பெண்கள் குடங்களோடு இறங்கி, நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும். ஆகஸ்டில் நான்கில் மூன்று வாய் காய்ந்துவிடும். விடியும்போதே வரிசை வளைந்து போகும். ஏழு கிலோமீட்டர் தள்ளி மலையில் இருக்கும் குளிர்ச்சுனையோ வருடம் முழுக்க வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஊருக்கு ஒரு குழாய். 1951இல் அதற்காக ஒரு கோப்பு திறந்தார் அப்பா. மற்ற மேயர்கள் சாலைக்குத் தம் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அந்தக் கோப்புதான் அரசியல். வேறு அரசியல் அவருக்குத் தெரியாது.

அதற்காகவே நாடாளுமன்றத்துக்கும் போனார். மாகாணத்தின் மேயர்கள் கூடித் தங்களில் ஒருவரை மாட்ரிட்டுக்கு அனுப்ப வேண்டும். 1964இல் பெரிய ஊர்களின் மேயர்கள் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத நிலை. இருவருக்கும் தீங்கில்லாத ஒருவர் தேவைப்பட்டார். அப்பாவைவிடத் தீங்கில்லாதவர் மாகாணத்தில் இல்லை.

அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினரின் வேலை கைதட்டுவது. "இன்று ஐந்து சட்டம்," என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். "உள்ளங்கை எரிகிறது. நாளை பொதுப்பணி அமைச்சகம் போகிறேன்." தோல்பையில் கோப்போடு ஒவ்வொரு நடைபாதையாக ஏறி இறங்குவார். ஒவ்வோர் அறையிலும் ஒரு சுருட்டு கொடுத்தார்கள். அப்பா புகைக்க மாட்டார். ஊரில் ஃபெர்மினுக்குச் சுருட்டு வாங்கும் செலவே இல்லாமல் போயிற்று.

நானோ சலமான்காவில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தேன். அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதித் தோழிகளிடம் அப்பாவைக் கால்நடை மருத்துவர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சர்வாதிகாரிக்குக் கைதட்டுபவரின் மகள் என்று தெரிந்தால் இரகசியக் கூட்டங்களுக்கு என்னைச் சேர்க்க மாட்டார்களே என்ற பயம். அந்தக் கூட்டங்களில் நாங்கள் அதிகம் பேசியது அடுத்த கூட்டம் எங்கே என்பதைத்தான்.

இனி அக்டோபர் இருபத்திரண்டு. அன்று நடந்தது எனக்கு ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் ஏழு வருடமும் அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அன்று மாட்ரிட்டில் குளிர். அப்பா மதியம் கொண்டைக்கடலையும் பன்றிக்கொழுப்பும் போட்ட குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார். மண்டபத்தில் வெப்பமூட்டி நன்றாக வேலை செய்தது. சாலையோர மரங்கள் பற்றிய ஒரு சட்டத்தை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா தூங்கிவிட்டார். பேச்சாளர் முடித்ததும் கைதட்டல். அந்தச் சத்தத்தில் விழித்த அப்பா, சட்டம் நிறைவேறிவிட்டது என்று நினைத்தார். நிறைவேறினால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவது வழக்கம். பேச்சாளருக்கு மட்டும் என்றால் உட்கார்ந்தே தட்டுவார்கள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் எழுந்த அதே நேரத்தில் அவைத்தலைவர் கேட்டிருந்தார்: "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

நான்கு வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்ததை அப்பா பார்த்ததில்லை. இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார், தட்டிக்கொண்டும் இருந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் ஏன் இன்னும் எழவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். தன் கைதட்டல் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகத் தட்டினார்.

"எதிர்ப்பு: ஒன்று," என்றார் அவைத்தலைவர்.

மறுநாள் செய்தித்தாளில் ஒரே வரி: சட்டம் ஒரு வாக்கு மட்டும் எதிராக நிறைவேறியது. பெயர் இல்லை. ஆனால் பெயர் இரண்டே நாளில் சலமான்காவுக்கு வந்துவிட்டது. "எழுந்து நின்றவர் ஒரு மேயராம், உர்தியாலெஸாம்," என்று கூட்டத்தில் ஒருவன் கிசுகிசுத்தான். "என் அப்பா," என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு எனக்குக் கிடைத்த மரியாதை நான் படித்த எந்தப் பாடத்திலும் கிடைத்ததில்லை. எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆளுநர் அப்பாவை அழைத்தார்.

"கசிமிரோ, நீ சிவப்பனா, கம்யூனிஸ்டா?"

"இல்ல ஐயா. தூங்கிட்டேன்."

ஆளுநர் வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தார். நம்பினார்; அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். "அப்ப எழுதிக் கையெழுத்துப் போடு. ஞாயித்துக்கிழம பூசைக்கப்பறம் சதுக்கத்துல வாசி. உன் ஊரே சிரிக்கணும். சிரிச்சுட்டாங்கன்னா மேல இருக்கறவங்களுக்கு நிம்மதி."

"குழாய்க் கோப்பு?"

"வாசிச்சதும் அதுவும் கையெழுத்தாகும்."

பதினேழு வருடம் நடையாய் நடந்தது, ஊர்முன் ஒருமுறை முட்டாளாக நின்றால் கிடைத்துவிடும். அப்பாவுக்கு அது மிகவும் மலிவாகப் பட்டது. அதுவும் உண்மையைச் சொல்வதற்கு!

அவருக்கு இருந்த ஒரே சிக்கல் நான். சனிக்கிழமை மதியம் சலமான்காவிலிருந்து வந்து இறங்கினேன். மூன்று வருடமாக அவரோடு சரியாகப் பேசாதவள், வாசலிலேயே கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். மேசையில் அவருக்கு நானே ரொட்டி வெட்டினேன். நானே ஒயின் ஊற்றினேன். இறந்தோர் நாளுக்கென்று அம்மா எண்ணெயில் பொரித்திருந்த மாவு உருண்டைகளில் பெரியவற்றை அவர் தட்டில் அடுக்கினேன்.

"எனக்குப் பெருமையா இருக்கு அப்பா," என்றேன்.

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"நாளைக்குச் சதுக்கத்துப் பக்கம் வராத, நியேவெஸ்," என்றார். "காத்து அதிகமா இருக்கும்."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் முடியட்டும் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

பாரிஸில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஆறாவது மாடியில், கூரைக்கடியில், வேலைக்காரிகளுக்கான அறை. எழுந்து நின்றால் தலை இடிக்கும். எழுந்து நிற்பது பற்றியே பேசிக்கொண்டிருந்தவளுக்கு அப்படி ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பானியத் தொழிலாளர் மன்றத்துக்குப் போவேன். அங்கே எலாதியோ என்ற அச்சுத் தொழிலாளி இருந்தார். போர் முடிந்த நாளிலிருந்து நாடு கடந்து வாழ்பவர். எல்லைக்கு அப்பாலிருந்து ஸ்பெயினுக்குள் கேட்கும்படி பேசும் வானொலி ஒன்றுக்கு வாரம் ஒரு துண்டு எழுதிக்கொடுப்பார்.

அவரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அது வளர்ந்தது. மரச் சட்டம் நிலச் சட்டமாயிற்று. கைதட்டலை விட்டுவிட்டேன். எலாதியோவின் மீசை நடுங்கியது, கண் கலங்கினார்.

"தோழி, இத நாடு கேக்கணும். பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். 'ஒரு மேயர்'னு போடறேன்."

"பேரப் போடுங்க," என்றேன். "கசிமிரோ உர்தியாலெஸ். வால்தெசார்சா. தூங்கினேன்னு சொன்னது பொய், மிரட்டிச் சொல்ல வெச்சாங்கன்னும் போடுங்க."

"அவருக்கு ஆபத்தாயிடாதா?"

"அவரு மானத்த நான் காப்பாத்தறேன்."

1969 ஜனவரியில் ஒலிபரப்பானது. வால்தெசார்சாவில் பாதி வீடுகள் அந்த வானொலியைப் போர்வைக்குள் வைத்துக் கேட்டன. ஆளுநர் அலுவலகம் போர்வையில்லாமல், குறிப்பேட்டோடு கேட்டது. தூங்கினான் என்று நம்பி மன்னித்த ஆளுநர் இப்போது மாட்ரிட்டின் முன் முட்டாளாகிவிட்டார். நான்காம் நாள் பதவிநீக்கக் கடிதம் வந்தது. மேயர் பதவி போனதும் நாடாளுமன்ற இடமும் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. டிசம்பரிலேயே குழாய்கள் வரத் தொடங்கியிருந்தன. ஊர் எல்லையில் நாற்பது குழாய்கள் அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் அவற்றுக்குள் புகுந்து கூவி விளையாடினார்கள். கடிதம் வந்த மறுநாள் ஒரு லாரி வந்து நாற்பதையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஊரே வரிசையாக நின்று பார்த்தது.

எனக்கு எதுவும் தெரியாது. "எல்லோரும் நலம்," என்று எழுதினாள் அம்மா. "அப்பாவுக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது." எழுத்தாளர்களைவிட அம்மாக்களுக்குத்தான் எதை விட்டுவிட வேண்டும் என்று தெரியும்.

பாரிஸுக்குப் பிறகு ஹாம்பர்க்கில் மீன் தொழிற்சாலை. பிறகு ஓரான், வெராகிருஸ், மோந்தெவீதெயோ. ஓர் இடத்தில் இரண்டு வருடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. போன இடமெல்லாம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹாம்பர்க்கில் நான் சொன்ன கதையில் அவர் பத்து நிமிடம் நின்றார். வெராகிருஸில் ஓர் உரையாற்றினார். மோந்தெவீதெயோவில் காவலர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒருத்தி அழுதுவிட்டு எனக்குத் தன் காலணிகளைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

சர்வாதிகாரி இறந்து ஐந்து மாதம் கழித்து, 1976 ஏப்ரலில், ஊர் திரும்பினேன். பேருந்து பள்ளத்து ஊற்றருகே நின்றது. பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மண் குடங்களுக்குப் பதிலாக பிளாஸ்டிக் குடங்கள். அது ஒன்றுதான் மாற்றம். எங்கள் பக்கத்து வீட்டு தோமாசா என்னை அடையாளம் கண்டாள்.

"அடேங்கப்பா! பாருங்கடி, ரேடியோ வந்திருக்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். பாராட்டு என்றே நினைத்துக்கொண்டேன். பெட்டியைக் கீழே வைத்துச் சிரித்தேன்.

"நீங்களும் கேட்டீங்களா?"

"கேக்காமயா? நீ அங்க வாயத் தொறந்த, இங்க எங்க குழா மூடிக்கிச்சு." தோமாசா நிரம்பிய இரண்டு குடங்களை என் முன் வைத்தாள். "வெறுங்கையா மேல ஏறப் போறியா? தூக்குடி. ஏழு வருசத்துக் கணக்கு இருக்கு."

பாதி ஏற்றத்தில், மூச்சு வாங்க நின்றபோது, லாரியைப் பற்றிச் சொன்னாள். மீதி ஏற்றத்தை நான் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மோந்தெவீதெயோ காலணிகள் முழுக்க நனைந்திருந்தன.

அப்பா கொல்லையில் ஓர் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "கோட்ட விட்டுட்டுப் போயிட்டியே," என்றார். "அம்மா பூச்சி அரிக்காம வெச்சிருக்கா."

"அப்பா, குழா விஷயம்..."

"ஆமா."

"என்கிட்ட ஏன் எழுதல?"

"எழுதி? நீ அத வேற ரேடியோவுல சொல்லியிருப்ப."

ஆட்டை விட்டார். அது என்னை முட்டிவிட்டு ஓடியது.

"ஆனா நீங்க நின்னீங்களே அப்பா. அது நிஜந்தானே? இப்ப பயமில்ல. என்கிட்ட சொல்லலாம்."

"பயமில்லடி, தூக்கம்." கொண்டைக்கடலையிலிருந்து கைதட்டல்வரை எல்லாவற்றையும் சொன்னார். மரச் சட்டம் என்றபோது நான் மறித்தேன்.

"மரமா?"

"சாலையோர மரம். நல்ல சட்டம்தான்னு நெனைக்கிறேன். முழுசாக் கேக்கல."

ஏழு வருடம், ஐந்து நாடு. நான் சுமந்து திரிந்த வீரன் இரண்டு தட்டுக் குழம்பு சாப்பிட்ட ஒரு மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அவருக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்து இன்னும் அதிகமாக வந்தது.

என்னால் அடைபட்டதை நானே திறப்பதாக ஊற்றடியில் அறிவித்தேன். "நல்லது, மொதல்ல குடத்தத் தூக்கு," என்றார்கள். மாகாண அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டேன். ஒன்றரை வருடம் பதில் இல்லை. 1977 அக்டோபரில் புதிதாக வந்த ஆளுநர் எங்களை அழைத்தார். இளைஞர், காதோரம் நீண்ட கிருதா. சுவரில் தளபதியின் படம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. என் அப்பா தூங்கினார், நான் பொய் சொன்னேன் என்று கையெழுத்திட்ட வாக்குமூலத்தை அவர் மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "இது வேண்டாமே. தோன் கசிமிரோ, உங்கள மாதிரி ஆட்கள் மாகாணத்துக்கே ஒருத்தர்தான். அடுத்த மாசம் உங்களுக்கு ஒரு பாராட்டு விழா. பத்திரிகைக்காரங்க வருவாங்க. எழுந்து நின்ன மேயர்னு ஒரு வெண்கலப் பலகை."

"குழாய்?" என்றார் அப்பா.

"விழா முடிஞ்ச மறுநாள் உங்க கோப்பு மொத இடத்துக்கு வந்துடும்."

"எதுக்கு மொத இடம்?"

"இப்ப எல்லா ஊரையும் ஒரு பட்டியல்ல போட்டிருக்கோம். உங்களது..." தாளைப் புரட்டினார், "நாப்பத்தொண்ணு."

"முன்ன பட்டியலே இல்லையே ஐயா."

"இப்பதான் போட்டோம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன் கதைதானே."

உண்மைக்காக நான் மறுத்தேன் என்று எழுத ஆசை. நான் உடனே சரி என்றேன். தோமாசாவின் முகம் கண்முன் இருந்தது. ஏற்றத்தில் தினமும் பன்னிரண்டு குடம் தூக்கிய என் தோள்களும் பேசின. பொய்யால் மூடியது பொய்யால் திறக்கட்டும், எனக்கென்ன?

விழாவில் மாகாணத் தலைநகரின் மண்டபம் நிரம்பியிருந்தது. அம்மா அதே கல்யாணச் சூட்டை இடுப்பில் தளர்த்தித் தைத்திருந்தாள். பலகையைப் போர்த்தியிருந்த துணியை விலக்கும்முன் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

"நான் தூங்கிட்டேன்," என்றார். "கொண்டக்கடலக் குழம்பு. ரெண்டு தட்டு. எழுந்து நின்னது கை தட்டத்தான்."

மண்டபம் கைதட்டி ஆர்ப்பரித்தது. என்ன தன்னடக்கம் என்று எனக்குப் பின்னால் ஒருத்தி உருகினாள். அப்பா கையை உயர்த்தி அமைதிக்குக் காத்திருந்தார்.

"சதுக்கத்துல சொன்னப்பவே இது உண்மை. இப்ப மாத்திச் சொல்ல முடியாது. எங்க ஊரு நாப்பத்தோராவது எடத்துல இருக்கு. எங்களுக்கு முன்னால நாப்பது ஊருல பொம்பளைங்க குடம் தூக்கறாங்க. நான் முன்னாடிப் பதவிக்கு வந்தது ஒரு நாயால. கோப்பு நகர்ந்தது தூக்கத்தால. நின்னது ஒரு ரேடியோவால. இந்த ஒரு தடவ வரிசைப்படி வரட்டும்."

இப்போது கைதட்டல் சிதறலாக வந்தது. ஆளுநர் பலகையைத் திறக்காமலேயே அவரை அணைத்து அனுப்பிவைத்தார். மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி. குழம்பு மட்டும் இருந்தது.

பேருந்து ஊர் எல்லைக்கு வந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். "பெரிய நியாயஸ்தன். கசிமிரோ, வரிசைல நிக்கறது நீயா? நான்!"

"நாளைலேர்ந்து நானும் தூக்கறேன்."

"உன் முதுகுக்கு மருந்து யாரு தடவறது?"

தூக்கினார். அறுபத்தைந்து வயதில், முன்னாள் மேயர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். வால்தெசார்சாவில் தண்ணீர் தூக்கிய முதல் ஆண் அவர்தான். மற்ற ஆண்கள் மதுக்கடை வாசலிலிருந்து கேலி செய்தார்கள். "தோன் கசிமிரோ, தூங்கிடாதீங்க, வழுக்கும்!" தோமாசா ஆறு மாதம் அவரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள், வரிசையில் தனக்கு முன்னால் போகச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். அதற்காக இன்னும் ஆறு மாதம் பேசவில்லை.

ஓர் இடத்தில் இரண்டு வருடத்துக்குமேல் இருக்கத் தெரியாத நான் ஊரைவிட்டுப் போகவில்லை. நான் போனால் அவர் பங்கு எட்டுக் குடமாகும் என்பது ஒரு காரணம். போய் எங்கே என்ன கதை சொல்வது என்று தெரியாதது மற்றொன்று. ஒவ்வொரு ஜனவரியிலும் ஃபெர்மின் மாகாண அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவார். முப்பத்து மூன்று. இருபத்தொன்று. ஒன்பது. ஒரு வருடம் வேறு ஏதோ ஊர் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்த ஒருமுறைதான் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டேன். தலைநகருக்கே போய், அந்த ஊரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் திரும்பினார்.

1981 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேர்தலில் வந்த புது மேயர் ஒரு கடிதத்தை ஃபெர்மின் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைத் தேடினார்; கிடைக்கவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். ஒரு சொல்லையும் கூட்டாமல் படி என்றாள் அம்மா. அப்படியே படித்தேன்:

"வால்தெசார்சா குடிநீர்க் குழாய், கோப்பு ஆண்டு 1951. பட்டியலில் தங்கள் ஊரின் முறை வந்துள்ளது. பணி மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை தொடங்கும். குழாய்களை இறக்கி அடுக்குவதற்கு ஊர் எல்லையில் இடம் ஒதுக்கிவைக்கவும்."